கச்சான் கொண்டுவந்த சீர்

அந்தக் காலத்தில் மீனும் பேசும், காற்றும் பேசும், கடலின் அடியில் கட்டை மாதிரி கிடக்கிற கடலட்டையும் பேசும். பேச்சு இருந்த அளவுக்குச் சாப்பாடுதான் இல்லை. கடல் ஆண்டு முழுக்க ஒரே நீலமாக இருந்தது. குனிந்து பார்த்தால் பத்தாள் ஆழத்தில் புரளுகிற சங்கு தெரியும். கரையில் நின்றவர்கள், "அடடா, என்ன அழகு!" என்பார்கள். கழுவிக் கவிழ்த்த பானைகூட அழகாகத்தான் இருக்கும். பசியோடு வந்தவனைக் கேட்டால்தான் தெரியும்.

அந்தக் கடலின் மேல்தண்ணீரில் சாளை மீன் கூட்டத்தோடு ராக்கு என்று ஒருத்தி இருந்தாள். மூன்று முறை முட்டையிட்டு, மூன்று முறையும் பிள்ளைகளைச் சாவுக்கு வாரிக் கொடுத்தவள். நாலாம் முறையாகப் பொரித்த குஞ்சுகள் கண்ணாடி நூல் மாதிரி அவளைச் சுற்றி மிதந்தன. அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. குஞ்சுகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இருக்கிறது. சாளைக் குஞ்சு ஒவ்வொன்றும் வயிற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டுச்சோற்று மூட்டையோடு பிறக்கும். தாய் கட்டிக் கொடுத்தது. வாய் திறக்கிறவரைக்கும் அதில் காலம் ஓடும். வாய் திறந்துவிட்டால் கடல்தான் சோறு போடவேண்டும். அந்தக் குஞ்சு வாய்க்குள் நுழைகிற சாப்பாடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் பூங்கோரை. வேர் கிடையாது, இலை கிடையாது. பச்சைத் தூசு மாதிரி மிதந்து, வெயிலைக் குடித்து வளரும். அன்றைக்கு அது அங்கொன்றும் இங்கொன்றுமாக, நோயில் விழுந்து எழுந்தவள் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"ஏத்தா, இம்புட்டு வெயில் அடிக்குதே, நீ ஏன் இப்படி மெலிஞ்சு கிடக்கே?" என்று ராக்கு அதனிடம் கேட்டாள்.

"வெயில மட்டும் குடிச்சா வயிறு நிறையுமா மதினி? அடுப்பு எரியுது. உலையில போட ஒண்ணும் இல்ல. எனக்கு உரம் வேணும். உரமெல்லாம் கீழ போயிருச்சு."

அது உண்மைதான். மேலே வாழ்கிற எதுவும் செத்தால் கீழே விழும். கழிவும் கீழேதான் விழும். ஆதியில் அடிக்கடல்காரர்கள், "உங்க பிணத்தை நாங்க சுமக்கிறோம். அதனால விழுந்தது எங்களுக்கு. மேல இருக்கிறவன் எவனும் வந்து அள்ளக்கூடாது" என்று பேச்சு வைத்தார்கள். மேல்தண்ணீர்க்காரர்களும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். பிணத்தைக் கேட்டு எவன் வரப்போகிறான் என்ற நினைப்பு. விழுந்தது விழுந்தபடியே எத்தனையோ காலம் போனது. வெயில் இருந்த இடத்தில் உரம் இல்லை. உரம் இருந்த இடத்தில் வெயில் இல்லை.

ராக்கு ஒரு முடிவோடு தலைகீழாக இறங்கினாள். தண்ணீர் இருண்டது, குளிர்ந்தது, காது அடைத்தது. அடியில் சாத்தையா என்ற அட்டை சேற்றைத் தின்றுகொண்டு காவல் கிடந்தது.

"யாரது தண்ணியைக் கலக்குறது?"

"நான்தான் சித்தப்பா, மேல்வீட்டு ராக்கு."

"மேல்வீட்டுக்காரிக்குக் கீழ்வீட்டுல என்ன சோலி? செத்துட்டியா?"

"இன்னும் இல்ல சித்தப்பா. பிள்ளைக கட்டுச்சோறு தீரப்போகுது. நீங்க ஒரு வாய் உரம் கொடுத்தா பூங்கோரை பிழைச்சுக்கும். பூங்கோரை பிழைச்சா என் பிள்ளைக பிழைக்கும்."

"இன்னைக்கு நீ ஒரு வாய் கேப்பே. நாளைக்கு காரல் வந்து கேக்கும், நெத்திலி வந்து கேக்கும். பேச்சுன்னா பேச்சு. விழுந்தது எங்களுக்கு. யாரும் அள்ளக்கூடாது."

ராக்கு திரும்பப் போனவள் நின்றாள்.

"அள்ளக்கூடாது, சரி. தானா ஏறி வந்தா?"

அட்டை உடம்பு குலுங்கச் சிரித்தது. "தானா ஏறுமாமே! ஏறினா ஏறட்டும் மகளே. நான் குறுக்க நிக்கமாட்டேன். நிக்கிறதுக்கு எனக்குக் காலும் இல்ல."

அந்தச் சொல்லை வாயில் கவ்விக்கொண்டு ராக்கு மேலே வந்தாள். அவள் வீணாகக் கேட்கவில்லை. கரைப்பக்கம் மேயும்போது ஒன்றைக் கவனித்திருந்தாள். நிலத்திலிருந்து காற்று அடிக்கிற நேரத்தில் மேல்தண்ணீர் கடலுக்குள் விலகிப் போகும். உடனே அடிவயிற்றில் சில்லென்று படும். விலகின இடத்தை நிரப்பக் கீழ்த்தண்ணீர் ஏறி வருகிற குளிர் அது. அதில் பானைச் சோறு மாதிரி ஒரு வாசம் இருக்கும். சின்னக் காற்றுக்கே அவ்வளவு என்றால், பெரிய காற்று வந்தால்?

பெரிய காற்று என்றால் கச்சான்தான். மேற்கு மலையைத் தாண்டி வந்து, பனை மரத்தைத் தலையைப் பிடித்து ஆட்டி, கரையில் கிடக்கிற வள்ளத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவன். அவனுக்கு உற்றார் உறவு கிடையாது. கண்ணில் மண் விழுந்தவர்கள் எல்லாரும் ஏசுவார்கள். அவனும் ஏச்சு வாங்கியே பழகியிருந்தான்.

ராக்கு தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினாள். "அண்ணே!" என்றாள்.

கச்சான் திரும்பிப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை.

"உங்களைத்தாண்ணே."

"என்னையா? என்னைப் 'பாழாப்போன காத்து'ன்னுதானே எல்லாரும் கூப்பிடுவாங்க?"

"அவுக கூப்பிடட்டும். நான் கூடப்பிறந்தவன் இல்லாதவ. நாலாவது தடவையாப் பிள்ளை பெத்திருக்கேன். ஒரு தடவைகூட எனக்குச் சீர் வந்ததில்ல. அண்ணன் இருந்தா வந்திருக்கும்."

கரையோரப் பனைகள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. பிறகு கச்சான் தணிந்த குரலில், "சீருன்னா என்ன கொண்டு வரணும் தங்கச்சி?" என்று கேட்டான்.

ராக்கு சொன்னாள். அவன் பின்வாங்கினான். "அடியில கிடக்கிறதை அள்ளணுமா? என்னை எவன் என்ன ஏசினாலும் களவாணின்னு மட்டும் ஏசினதில்ல."

"அள்ளவேண்டாம்ணே. கரையிலேருந்து மேல்தண்ணியை வெளியே தள்ளிக்கிட்டே போங்க. இடம் காலியானா கீழ்த்தண்ணி தானா ஏறும். ஏறினா குறுக்க நிக்கமாட்டேன்னு சித்தப்பா வாக்குக் கொடுத்திருக்காரு."

"இம்புட்டுத்தானா?" என்றான் கச்சான். "தாய்மாமன் வர்றேன்னு பிள்ளைக கிட்டச் சொல்லு."

அவன் அடித்த அடியில் கடலின் தோல் உரிந்தது. மேல்தண்ணீர் கரையை விட்டு ஓடியது. ஓடின இடத்தில் கீழ்த்தண்ணீர் கருத்து, குளிர்ந்து, கனத்து ஏறியது. எத்தனையோ காலம் விழுந்து ஊறின உரமெல்லாம் அதில் கரைந்து வந்தது. அடியில் சாத்தையா, "அடியே ராக்கு!" என்று கத்தியது மட்டும் கேட்டது. அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ராக்கு ஓடிப்போய்க் குஞ்சுகளைப் பார்த்தாள். மூட்டைகள் சுருங்கிவிட்டிருந்தன. 'சீர் வந்துட்டுது, இனிப் பயமில்லை' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பூங்கோரை எங்கே என்று தேடினாள். பச்சையைக் காணோம். அலை ஒன்று மேலே தூக்கி அடித்தபோது அது ஒரு கணம் கண்ணில் பட்டது. அடுத்த அலை அதை இருட்டுக்குள் அமுக்கியது.

"மதினி!" என்று அது அலறியது. "இலை போட்டாச்சு, சோறும் போட்டாச்சு. உக்காரவிட்டாத்தானே சாப்பிட முடியும்? ஒரு மடக்கு வெயில் குடிக்கிறதுக்குள்ள உங்க அண்ணன் என்னைப் பாதாளத்துல தள்ளிப்பிடுறாரே!"

பக்கத்து வீட்டுச் சடைச்சி உருண்டு புரண்டு வந்தாள். அவள் காரல் மீன். தட்டையான உடம்பு, தட்டாத வாய். "நல்ல அண்ணனைப் பிடிச்சீக மதினி! சீர் கொண்டாந்த அழகுல என் வீடு எந்தப் பக்கம்னே தெரியல. எம்புருசன் இலங்கைக் கரையில ஒதுங்கிட்டாரோ என்னமோ!"

அப்போதுதான் ராக்குவுக்கு உறைத்தது. உரம் ஏறக் காற்று வேண்டும். ஏறின பிறகு காற்று நிற்கவும் வேண்டும். தண்ணீர் அமர்ந்து, வெயில் இறங்கினால்தான் பூங்கோரை பூக்கும். அவள் மேலே பாய்ந்து வந்து கத்தினாள்.

"போதும்ணே!"

கச்சான் கடகடவென்று சிரித்தான். "தங்கச்சி போதும்னு சொன்னதும் நிறுத்திட்டா அவன் அண்ணனா? அது மரியாதைக்குச் சொல்றது. எனக்குத் தெரியாதா?"

"இல்லண்ணே, நெசமாவே போதும்! வச்சிட்டு நில்லுங்க!"

"உன்னை நல்லா வளத்திருக்காக" என்று அவன் பெருமையோடு சொன்னான். "இத்தனை நாள் கழிச்சு ஒரு தங்கச்சி கிடைச்சிருக்கா. சீர் குறைஞ்சா ஊர் என்னைத்தானே பேசும்!" சொல்லிவிட்டு முன்னைவிடப் பலமாக மூச்சை இழுத்து ஊதினான்.

அவள் மறுபடி கும்பிட்டாள். அவன் மறுபடி கொடுத்தான். அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கொடுத்தே பழகாதவனுக்குக் கொடுக்கிற ஆசை வந்துவிட்டால் அதைத் தடுக்க ஆள் கிடையாது.

ராக்கு கீழே வந்தாள். குஞ்சு ஒன்று அவள் கண்ணுக்கு முன்னால் வாயைத் திறந்தது. மூட்டை இருந்த இடம் ஒட்டிப்போய் முதுகெலும்பு தெரிந்தது. வாயை மூடியது. மறுபடி திறந்தது. உள்ளே தண்ணீர்தான் போனது. போன முறையும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் ஒன்று வாயைத் திறக்கும். பிறகு எல்லாம் திறக்கும். பிறகு ஒன்றும் திறக்காது.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அலையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தாள். அவன் முகத்துக்கு நேராக, 'நீங்க' என்று சொல்லி வந்த அதே வாயால் சொன்னாள்:

"உன் சீரும் வேணாம், நீயும் வேணாம். பாழாப்போன காத்தே, போ!"

காற்று நின்றது.

நின்றது என்றால், குடத்தை வைத்த மாதிரி நின்றது. உயர்ந்த அலை உயர்ந்த இடத்திலேயே தயங்கி, மெல்ல உட்கார்ந்தது. கரையில் ஒரு பனையோலை அசையவில்லை. கச்சான் மேற்கு மலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

ராக்குவுக்கு நினைத்து வருந்த நேரமில்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி அமர்ந்ததும் வெயில் பளபளவென்று உள்ளே இறங்கியது. மேலே வெயில், சுற்றிலும் உரம், அசையாத தண்ணீர். பூங்கோரை மூச்சு விட்டு நிமிர்ந்தது. ஒன்று இரண்டாகப் பிரிந்தது, இரண்டு நாலானது. பொழுது சாய்வதற்குள் நீலத்தில் பச்சை இழை ஓடியது. மறுநாள் கடலே நாற்றங்கால் மாதிரி பச்சையாக விரிந்தது.

குஞ்சுகள் வாயைத் திறந்தன. இந்த முறை வாய்க்குள் சோறு போனது. ஒட்டின வயிறுகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. ராக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். சடைச்சி தன் பிள்ளைகளையும் புருசனையும் கூட்டிக்கொண்டு வந்து மேய்ந்தாள். "என்ன இருந்தாலும் உங்க அண்ணன் கை தாராளக் கை மதினி" என்றாள். நேற்றுப் பேசின வாய் அதுதான்.

காற்று வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பச்சை தடித்தது. கூழ் ஆடை கட்டுகிற மாதிரி கடல்மேல் ஆடை கட்டியது. தின்று தீர்க்கிற வாயைவிடப் பூக்கிற பூங்கோரை பெருத்துவிட்டது. ஒரு விடியற்காலையில் ராக்குவுக்கு மூச்சு முட்டிற்று. செவுளைத் திறந்து திறந்து மூடினாள். தண்ணீர் வந்தது, அதில் உயிர் இல்லை.

"என்னாத்தா பண்றே?" என்று பூங்கோரையைக் கேட்டாள்.

"எனக்கு நிறுத்தத் தெரியல மதினி" என்றது அது. குரல் நெரிந்து வந்தது. "சோறு கிடக்கு, வெயில் கிடக்கு, யாரும் எழுப்பல. தின்னேன், பெருத்தேன். இப்ப நெரிசல்ல நானே சாகுறேன். செத்தது அழுகுது. அழுகுறது தண்ணியில இருக்கிற மூச்சையெல்லாம் குடிக்குது. காத்து வந்து எங்களைக் கலைச்சுவிட்டாத்தான் உண்டு."

அன்று முதன்முதலில் மிதந்தது சடைச்சியின் தலைச்சன். வெள்ளை வயிறு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. சடைச்சி அதன் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். வெகுநேரம் கழித்து ராக்குவின் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிடுங்க மதினி. நீங்க விட்ட சொல்லு. நீங்கதான் எடுக்கணும்."

ராக்கு அந்த வழியாகப் பறந்த ஆலாப் பறவையிடம் சொல்லியனுப்பினாள். ஆலா மலைக்குப் போய்த் திரும்பியது. "உக்காந்திருக்காரு. முகத்தைக் காட்டமாட்டேங்கிறாரு. 'போன்னு சொன்னவ அவ. வாசலுக்கு வந்து அவளே கூப்பிடட்டும்'னு சொன்னாரு" என்றது.

காற்றுக்கு வாசல் ஏது? தண்ணீர் முடிகிற இடத்துக்கு மேலே எல்லாம் அவன் வீடுதான். அங்கே மீன் போனால் மீள்வது நிச்சயமில்லை. ராக்கு கீழே பார்த்தாள். வயிறு நிறைந்த குஞ்சுகள் மூச்சுக்குத் தவித்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியில் திறந்த அதே வாய். அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வாலை ஒரு அடி அடித்துப் பச்சை ஆடையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

"அண்ணே!"

வெயில் கண்ணைக் குத்தியது. விழுந்தாள். விழுந்த அடியில் செதில் உதிர்ந்தது. மறுபடி பாய்ந்தாள். "அண்ணே!" மலைப்பக்கம் ஒன்றும் அசையவில்லை. மறுபடி. உடம்பில் பாதிச் செதில் போய்விட்டது. குரல் வரவில்லை. கடைசியில் பாய்ந்தபோது வாய் மட்டும் திறந்தது. சத்தம் இல்லை. அந்த வாயைத்தான் கச்சான் பார்த்தான்.

அடுத்த கணம் மலையிறங்கி ஓடிவந்தான். அவள் விழுவதற்கு முன்னால் அடியில் நுழைந்து தாங்கி, தண்ணீரில் மெல்ல விட்டான். பிறகு பச்சை ஆடையைக் கையால் விலக்குகிற மாதிரி விலக்கினான். அலை எழுந்தது. நுரை எழுந்தது. நுரையோடு மூச்சு உள்ளே இறங்கியது.

குஞ்சுகளில் பாதிக்கு மேல் பிழைத்தன. மற்றவை கீழே போயின. 'விழுந்தது எங்களுக்கு' என்று எப்போதும் சொல்கிற சாத்தையா அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"அந்தச் சொல்லை நீ சொல்லியிருக்கவேண்டாம்" என்றான் கச்சான்.

"முதல்ல போதும்னப்பவே நீங்க நின்னிருக்கலாம்" என்றாள் ராக்கு.

இரண்டு பேரும் சொன்னது சரிதான்.

"நீ பிள்ளை பெறுற காலமெல்லாம் சீரோட வருவேன்" என்றான் அவன், கொஞ்சம் பொறுத்து.

"வந்தா நிறுத்தமாட்டீகளே."

"நிறுத்தமாட்டேன். கொடுக்கிற கை எனக்கு நிக்காது. நீ ஏசி வஞ்சாத்தான் நிக்கும்."

"வஞ்சா கோவிச்சுக்குவீகளே."

"கோவிச்சுக்குவேன்."

"எம்புட்டு நாளைக்குண்ணே?"

கச்சான் மேற்கே திரும்பிக்கொண்டான். "அதை மட்டும் கேக்காதே தங்கச்சி. அது எனக்கே தெரியாது."

அன்று முதல்தான் ஆனி ஆடியில் கச்சான் கரைத்தண்ணீரைத் தள்ளுகிறான், அடியில் கிடக்கிற உரம் குளிர்ந்த தண்ணீரோடு மேலே ஏறுகிறது. பிறகு ஒருநாள், யாரோ முகத்தில் அடித்த மாதிரி காற்று சட்டென்று விழுகிறது. புரட்டாசி வெயிலில் கடல் பச்சையாகப் பூக்கிறது. அண்ணன் கோபம் சீக்கிரம் தணிகிற வருஷம் சாளை கொழுத்து வலைக்கு வருகிறது. தணியாத வருஷம் செத்து மிதந்து கரைக்கு வருகிறது. பூங்கோரை வந்துவிட்டது என்று சொன்னதும் கடற்கரைப் பெண்கள் கடலைப் பார்க்காமல் மேற்கே திரும்பி, பனையோலை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதும் அன்று முதல்தான்.